பாடிப் போகிறவன் உட்கார்ந்துவிட்டால்...

பதிவு கொஞ்சம் நீளம். இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, செஞ்சிப் பக்கம் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். நலம் விசாரிப்பதற்குக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"சார், எங்க பசங்க இந்த வருஷம் கபடியில மாவட்டம் வரைக்கும் வந்துட்டாங்க. மெயின் ரெய்டருக்கு முட்டி பிசகிடுச்சி. இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு. அவனில்லாம டீமே இல்ல சார். பையன் ஆடறேங்கிறான். என்ன பண்றது?"

"முதல்ல அவனை ஆட விடாதப்பா. மீதியை எழுதறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் பேசித் தீர்க்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதாக ஆகிவிட்டது.

கபடி தெரியாத அத்தைமார்களுக்கு நாலு வரி. பக்கத்துக்கு ஏழு பேர். ஒருவன் மட்டும் நடுக்கோட்டைத் தாண்டி, மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போக வேண்டும். யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்பினால் தொடப்பட்டவர்கள் வெளியே. அவனைப் பிடித்து அமுக்கிவிட்டால் அவன் வெளியே. வெளியே போனவன் தானாக உள்ளே வர முடியாது. தன் அணி புள்ளி எடுத்தால்தான் ஒவ்வொருவராக உயிர்த்து வர முடியும். இப்படிப் பாடிப் போகிறவனைத்தான் இப்போது ரெய்டர் என்கிறார்கள். ஊரில் ஒரு நல்ல ரெய்டர் இருந்தால் மற்ற ஆறு பேரும் அவன் தயவில் ஆடுவார்கள். எதிரணியும் அதைத்தான் பார்க்கும். அவனை வெளியே உட்கார வைத்துவிட்டால் பாதி ஆட்டம் முடிந்தது.

அந்த ஒருவன் ஆட்டம் முழுக்க, சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? இதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒன்று டிவியில். இன்னொன்று என் கண் முன்னால், என் கையாலேயே.

டிவியில் பார்த்ததை முதலில் சொல்கிறேன்.

2022 அக்டோபர் 8, சனிக்கிழமை. புரோ கபடி லீக்கில் நம் தமிழ் தலைவாஸ் அணிக்கு அன்றுதான் முதல் ஆட்டம், பெங்களூருவில், குஜராத் அணியோடு. அந்த ஆண்டு ஏலத்தில் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்ச ரூபாய் கொடுத்து எடுத்திருந்தார்கள். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் அவ்வளவு விலை போனதில்லை. காரணம் இருந்தது. அதற்கு முந்தைய மூன்று சீசனிலும் அதிக ரெய்டு புள்ளி எடுத்தவர் அவர்தான். 2019இல் ஒரே ஆட்டத்தில் 39 புள்ளி எடுத்தவர். நம் அணியோ 2017இல் சேர்ந்ததிலிருந்து ஒருமுறைகூட அடுத்த சுற்றுக்குப் போனதில்லை. பவன் வந்துவிட்டார், இனி கவலையில்லை என்று விழுப்புரம் டீக்கடைகளில்கூடப் பேச்சு.

அந்த முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முட்டியில் அடி. ரெய்டு போன இடத்தில்கூட இல்லை, எதிராளியைப் பிடிக்கப் போன இடத்தில். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசனில் அவர் திரும்பி வரவேயில்லை.

அன்று இரவு எனக்கு ஒரு போன் வந்தது. 96ஆம் வருடம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். இப்போது திண்டிவனத்தில் மினி லாரி வைத்திருக்கிறான், சீசனில் தர்பூசணி லோடு அடிப்பான். பேர் சொல்லப் போவதில்லை. இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சார், பேரு மட்டும் வேணாம், எம் பையன் படிப்பான்" என்றான்.

அன்று அவன் சொன்னது இதுதான்: "பாத்தீங்களா சார்? பவனுக்கு முட்டி போச்சு. நல்லவேளை சார், திரும்ப ஆடுன்னு யாரும் அவரைச் சொல்லல."

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அதற்கப்புறம் தமிழ் தலைவாஸ் ஆட்டம் ஒன்றுவிடாமல் பார்த்தேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அவன் போன் செய்வான். முதல் சில ஆட்டங்களில் வெற்றி கிடைக்கவில்லை. நடுவில் பயிற்சியாளரும் மாறினார், உதயகுமார் போய் அஷன் குமார் வந்தார். இனி அவ்வளவுதான் என்று நானே நினைத்தேன்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை உடற்கல்வி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். பவனுக்குப் பதிலாக இன்னொரு பவனைத் தேடி அலைந்து பயனில்லை, சீசன் நடுவில் அப்படி ஒருவர் கிடைக்க மாட்டார். அதனால் பவன் செய்ய வேண்டிய வேலையைப் பிரித்தார்கள்.

அதுவரை இந்த லீக்கில் ஆடியே இராத நரேந்தர் என்ற ஹரியானாப் பையனுக்கு ரெய்டில் பெரிய பங்கு. அவன் அந்த ஒரே சீசனில் 200 புள்ளிக்கு மேல் எடுத்தான். பவன் நன்றாக இருந்திருந்தால் அவனுக்கு அத்தனை ரெய்டு கிடைத்திருக்காது. இன்னொரு பக்கம் அஜிங்க்யா பவார். ஆர்ப்பாட்டம் இல்லாத ஆட்டக்காரர். இரண்டு ரெய்டு காலியாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் வெளியே என்று இப்போது ஒரு விதி இருக்கிறது. டூ ஆர் டை என்பார்கள். அந்த மாதிரி நேரத்தில் நிதானம் இழக்காமல் போய் வர ஓர் ஆள் வேண்டும். அணிக்கு அவர் அப்படி இருந்தார்.

மிச்ச பாரத்தைப் பிடிக்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கேப்டனான சாகர் வலது மூலையில், சாஹில் குலியா இடது மூலையில், நடுவில் மோஹித், ஹிமான்ஷு, நம் அபிஷேக். எதிராளியைப் பிடித்தாலும் ஒரு புள்ளிதான், தொட்டு வந்தாலும் ஒரு புள்ளிதான். கைதட்டல் மட்டும்தான் வேறே. இன்னொன்றும் இருக்கிறது. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் இரண்டு புள்ளி. ரெய்டர் பலம் குறைந்த அணிக்கு அது உயிர்த்தண்ணீர் மாதிரி.

சீசன் பிற்பகுதியில் சாகரும் காயத்தால் வெளியே போனார். அப்போதும் அணி நின்றது. பட்டியலில் ஐந்தாவது இடம் பிடித்து, முதன்முறையாக அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது.

டிசம்பர் 13, மும்பையில் உ.பி. யோத்தாஸ் அணியோடு வெளியேற்றும் ஆட்டம். 40 நிமிடம் முடிந்தபோது 36-36. டை பிரேக்கர். அதன் விதி எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு அணிக்கும் ஆளுக்கு ஐந்து ரெய்டு, ஆனால் ஐந்தையும் ஐந்து வேறு வேறு ஆட்கள்தான் போக வேண்டும். ஒரே சூரப்புலியை ஐந்து தடவை அனுப்ப முடியாது. உன்னிடம் ஐந்தாவதாகப் போகிறவன் யார் என்று ஆட்டமே கேட்கிற இடம் அது. பவன் போன நாளிலிருந்து இரண்டு மாதமாக அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தது நம் அணி. 6-4 என்று ஜெயித்தார்கள். நான் எழுந்து கத்தியதில் வீட்டம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் புனே அணியிடம் 37-39 என்று தோற்றோம். இரண்டே புள்ளி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2019இல் இதே தமிழ் தலைவாஸில் அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சீத் சில்லர் என்று மூன்று பெரிய பெயர்கள் ஒன்றாக இருந்தார்கள். அந்த ஆண்டு 12 அணிகளில் நம் அணி கடைசி. பவன் குணமாகி, 2023இல் இந்திய அணிக்குக் கேப்டனாகப் போய் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கித் தந்தார். அதே பவன், அடுத்து வந்த புரோ கபடி சீசனில் தெலுங்கு டைட்டன்ஸ் அணிக்கு இன்னும் அதிக விலைக்குப் போனார். அந்த அணி கடைசியில் முடிந்தது. அவர் ஆட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஒருவர் எவ்வளவு தூக்கினாலும் மற்ற ஆறு பேர் தூக்கவில்லை என்றால் பல்லக்கு நகராது.

பாஸ்டனில் இருக்கும் என் தம்பி மகனிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். "பெரியப்பா, இங்கயும் இதே கதை உண்டு" என்றான். அமெரிக்காக்காரர்கள் புட்பால் என்று ஒன்று ஆடுகிறார்களே, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது, அதில் டைட் எண்ட் என்று ஓர் ஆள். எதிராளியை முட்டித் தடுக்கவும் வேண்டும், சமயம் பார்த்து ஓடிப் போய்ப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். அவர்கள் ஊர் அணியில் கிராங்கோவ்ஸ்கி என்று ஒருவர் அதில் மலை மாதிரி. 2016 டிசம்பரில் முதுகில் அறுவை சிகிச்சை, சீசன் போச்சு. ஒரே ஆள் போனாலும் தடுக்கிறவரும் போனார், பிடிக்கிறவரும் போனார். இரண்டு ஓட்டை. ஆனாலும் 2017 பிப்ரவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் 3-28 என்று பின்தங்கிக் கிடந்த அந்த அணி, 34-28 என்று ஜெயித்ததாம். அன்று அதிகமாகப் பந்து பிடித்தவர் ஜேம்ஸ் ஒயிட் என்கிற, வழக்கமாகப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடத்து ஆள். 14 தடவை பிடித்தார் என்றான். இல்லாதவருக்கு வரும் பந்தை இருக்கிறவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதுவரை எழுதியதை மட்டும் படித்தால் என்னைப் பெரிய மேதாவி என்று நினைப்பீர்கள். இனி என் கதை.

96இல் நான் திண்டிவனம்–மரக்காணம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். தென்னார்க்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் இடைநிலை ஆசிரியர். எங்களுக்கு ஏது உடற்கல்வி ஆசிரியர்? இளவட்டமாக இருந்ததால் "விளையாட்டை நீங்க பாத்துக்குங்க சார்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பள்ளிக்குப் பின்னால் ஏரிக்கரை ஓரம் மண் தரை. சாம்பலால் கோடு போடுவோம்.

அந்த மினி லாரிக்காரன் அப்போது எட்டாம் வகுப்பு. மெலிந்த உடம்பு. ஆனால் பாடிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினானென்றால் பாம்பு மாதிரி. வலது பக்கம் பார்ப்பான், இடது கையால் தொடுவான். இரண்டு வருடம் எங்கள் பயிற்சி என்பதே இதுதான்: அவன் பாடிப் போவான், மற்ற ஆறு பேரும் பிடிக்கப் பார்ப்பார்கள். திரும்பத் திரும்ப அவனே போவான். மற்றவர்களில் யாராவது "சார், நான் ஒருவாட்டி போறேன்" என்று கேட்டால், "நீ போய் என்னடா பண்ணப் போற? பிடிக்கக் கத்துக்க" என்பேன். இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. இதைப் படிப்பவர்களில் அதைக் கேட்டவர்கள் மூன்று பேராவது இருக்கிறீர்கள்.

ஆகஸ்டில் குறுவட்டப் போட்டி, திண்டிவனத்தில். டவுன் பஸ்ஸில் பத்துப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் ஆட்டம் நன்றாகத்தான் போனது. அவன் நாலு தடவை போய் ஆறு புள்ளி கொண்டுவந்தான். அடுத்த தடவை பெரிய பையன்கள் இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். எழுந்தபோது நொண்டினான்.

வெளியே கூட்டி வந்து முட்டியில் தண்ணீர் ஊற்றினேன். துண்டைக் கிழித்துக் கட்டினேன். "முடியுமாடா?" என்று கேட்டேன்.

"முடியும் சார்."

பதின்மூன்று வயதுப் பையன், வாத்தியார் எதிரில் நின்று கேட்கும்போது, முடியாது என்றா சொல்லுவான்? எனக்கு அது தெரியும். தெரிந்தே கேட்டேன். அவன் உயிர்த்து உள்ளே வந்ததும் மறுபடி அனுப்பினேன். நடுக்கோட்டைத் தாண்டி மூன்றாவது அடி. யாரும் தொடவில்லை. முட்டி மடங்கித் தானாக விழுந்தான். விழுந்த பிறகும் பாட்டை விடாமல் கோட்டை நோக்கித் தவழ்ந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவனை ஒரு பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு மீதி ஆட்டம். அவன் எடுத்து வைத்த புள்ளிகளால் ஒரே புள்ளியில் ஜெயித்தோம். அடுத்த ஆட்டத்துக்கு அவன் இல்லை. பாடிப் போக யாருக்கும் தெரியாது. நான்தான் யாருக்கும் கற்றுத்தரவில்லையே! வேறு வழியில்லாமல், சட்டைகளைப் பார்த்துக்கொள்ளக் கூட்டி வந்த ஏழாம் வகுப்புக் குட்டைப் பையனை இறக்கினேன். "தொட வேணாம்டா, புடிபடாம வந்துடு போதும்" என்றேன்.

அவன் அதை அப்படியே செய்தான். போவான், ஒரு சுற்றுச் சுற்றுவான், திரும்பி வந்துவிடுவான். அந்தக் காலத்தில் மூன்றாவது ரெய்டு விதியெல்லாம் கிடையாது. எதிரணிக்கு எரிச்சல். அவர்கள் பக்கத்திலிருந்து வருகிறவர்களை எங்கள் பையன்கள் ஒவ்வொருவராக அமுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடம் அந்தக் குறுவட்டத்திலேயே சிறந்த ரெய்டரைப் பிடித்துப் பிடித்துப் பழகியவர்கள் இவர்கள். இவர்களுக்கு மற்றவர்களைப் பிடிப்பது ஒரு பொருட்டா? அந்த ஆறு பேரும் நல்ல ஆட்டக்காரர்கள் என்பதே எனக்கு அன்று மதியம்தான் தெரிந்தது. இரண்டு வருடம் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம். இறுதி ஆட்டத்தில் மூன்று புள்ளியில் தோற்றோம். இரண்டாம் பரிசு. எங்கள் பள்ளிக்கு அதற்கு முன் எந்தப் பரிசும் வந்ததில்லை. மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் பையன்களை வரிசையாக நிறுத்தி, பேர் சொல்லிப் பாராட்டினார்கள். பட்டியலை எழுதிக் கொடுத்தது நான். இறுதி ஆட்டம் ஆடிய ஏழு பேரையும் எழுதினேன். அவன் பெயர் அதில் இல்லை. வேண்டுமென்று விடவில்லை. நினைவே வரவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

அவன் பள்ளிக்கு வரவில்லை. இன்று வருவான், நாளை வருவான் என்று மூன்று வாரம் ஓட்டினேன். பிறகு ஒரு சனிக்கிழமை சைக்கிளில் அவன் ஊருக்குப் போனேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கட்டு போட்டிருந்தார்கள். அம்மா ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவன் கேட்ட முதல் கேள்வி: "சார், எனக்கப்பறம் யாரு சார் பாடிப் போனது?"

குட்டைப் பையன் பெயரைச் சொன்னேன். சிரித்தான். "அவனா! அவன் சோத்துக்கை பக்கம் பாக்கவே மாட்டான் சார். புடிக்கிறவன் அங்க நின்னா மாட்டிக்குவான். பாக்கச் சொல்லுங்க."

மூன்று வாரமாகத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பையன் எங்கள் ஆட்டத்தை மனதுக்குள் ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். நாங்கள் அவனை மறந்துவிட்டுச் சந்தோஷமாக இருந்தோம்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவனை சைக்கிள் கேரியரில் வைத்து ஏரிக்கரைக்குக் கூட்டி வந்தேன். ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு குட்டைப் பையனுக்குச் சொல்லித் தருவான். நான் சொன்னதைவிட அவன் சொன்னது அவர்களுக்குச் சட்டென்று புரிந்தது. அடுத்த வருடம் அந்தக் குட்டைப் பையன்தான் எங்கள் ரெய்டர். அவனோடு இன்னும் மூன்று பேர். யார் கேட்டாலும் ஒருமுறை பாடிப் போகலாம் என்று விதி வைத்தேன்.

அவனுடைய முட்டி நடக்கும் அளவுக்குச் சரியானது. ஆடும் அளவுக்கு ஆகவில்லை. எட்டாவது முடித்து வெளியூர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவன் ஒன்பதாவதோடு நின்றுவிட்டான். முட்டி காரணமா, வீட்டு நிலைமை காரணமா? அவனும் சொன்னதில்லை, நானும் இருபத்தாறு வருடம் கேட்டதில்லை. 2022இல் அந்த இரவு, "திரும்ப ஆடுன்னு யாரும் அவரைச் சொல்லல" என்று அவன் சொன்னபோது அதில் குத்தல் எதுவுமில்லை. பவனுக்காக நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னான். அதனால்தான் எனக்குத் தூக்கம் போனது.

அரையிறுதியில் தோற்ற அன்றும் போன் செய்தான். ஆட்டத்தைப் பற்றி ரொம்ப நேரம் பேசிவிட்டு, வைக்கும் முன், "பவன் இப்ப எங்க சார் உக்காந்து பாத்திருப்பாரு?" என்று கேட்டான். அந்த சீசன் பற்றி எத்தனையோ பேர் என்னிடம் பேசினார்கள். இந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை. அன்றுதான் 96ஐப் பற்றி நான் அவனிடம் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க சார்" என்றான். பிறகு கொஞ்சம் நேரம் கழித்து, "கேட்டது நல்லாதான் இருக்கு சார்" என்றான்.

வகுப்பிலும் நான் இதையேதான் செய்திருக்கிறேன். உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வந்தால், படிக்கத் தெரிந்த ஒரே பெண்ணை எழுப்பிப் படிக்கச் சொல்வேன். ஒருமுறை அந்தப் பெண்ணுக்கு அம்மை போட்டு வரவில்லை. அன்று வகுப்பு என்ன லட்சணத்தில் இருந்தது என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கிடைத்தால் வாத்தியார் சோம்பேறியாகிவிடுவார். இது அனுபவ வாக்கு.

உறவுகளுக்கும் ஒன்று. நம் பெரிய அண்ணி இடுப்பெலும்பு முறிந்து படுத்தது உங்களுக்குத் தெரியும். அதுவரை அந்த வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அண்ணனுக்குத் தெரியாது. பிறகு எல்லோரும் சேர்ந்து சமாளித்தார்கள். அண்ணன் இன்று ரசம் வைக்கிறார், நன்றாகவே வைக்கிறார். போன மாதம் போயிருந்தபோது அண்ணி மெதுவாகச் சொன்னார்: "தம்பி, வீடு நல்லா நடக்குது. என்னை ஒரு வார்த்தை கேக்காமயே நடக்குது." அதற்கப்புறம் அண்ணன் ரசத்துக்குப் புளி கரைத்தால் கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் அடுப்பில் வைக்கிறார். அண்ணி "இன்னும் கொஞ்சம் தண்ணி" என்பார். தண்ணீர் தேவையில்லை என்றாலும் ஊற்றுகிறார்.

சரி, செஞ்சி ஆசிரியருக்கு வருகிறேன். தம்பி, உனக்கு நாலு விஷயம்.

முதலாவது, அவனைப் போல இன்னொருவனைத் தேடாதே. பன்னிரண்டு நாளில் கிடைக்க மாட்டான். அவன் வேலையை மூன்றாகப் பிரி. தொட்டு வர ஒருவன், போனஸ் கோட்டைத் தொட்டு வர ஒருவன், நேரத்தைக் கடத்திப் பிடிபடாமல் வர ஒருவன். மூன்று பேர் மாறி மாறிப் போனால் எதிரணிக்கு யாரைக் குறி வைப்பதென்று தெரியாது.

இரண்டாவது, பிடிக்கிறவர்களிடம் பாரத்தைக் கொடு. உன் பையன்கள் இவ்வளவு நாள் நல்ல ரெய்டரோடு பழகியிருக்கிறார்கள். அவர்கள் கைபலம் உனக்கே தெரியாமல் இருக்கலாம். மூலையில் நிற்கும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே சேர்ந்து பாயும் அளவுக்குப் பழக்கு.

மூன்றாவது, இதுவரை "நான் ஒருவாட்டி போறேன் சார்" என்று கேட்டு நீ மறுத்தவன் யார் என்று யோசி. அவனை நாளைக்கு அனுப்பிப் பார்.

நான்காவது, இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. காயம்பட்ட பையன் "முடியும் சார்" என்பான். நம்பாதே. டாக்டர் சொல்லாமல் அவன் கோட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் அவனை வீட்டிலும் விட்டுவிடாதே. தினமும் மைதானத்துக்கு வரச் சொல். நாற்காலி போடு. எதிரணியில் யார் எப்படி நிற்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலையைக் கொடு. ஜெயித்தால் பட்டியலில் அவன் பெயரை முதலில் எழுது. அணி எப்படியும் தேறிவிடும் தம்பி, அதை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன். அந்தப் பையன் தேறுவது நம் கையில் இருக்கிறது.

மாவட்டப் போட்டி விழுப்புரத்தில்தான். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். நான் வருகிறேன். மினி லாரிக்காரனும் திண்டிவனத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அன்றைக்கு லோடு எடுக்க மாட்டானாம். "அந்தப் பையன் எங்க உக்காருவான்னு கேட்டு வைங்க சார், நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றான்.

இரண்டு நாற்காலி போட்டு வை, தம்பி.

96 செட் ஆட்கள் யாராவது இதைப் படித்தால் கீழே எழுதுங்கள். அந்தக் குட்டைப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவன் ஓசூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. அவனிடமும் பேச வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சார்,
விழுப்புரம்